கழற்றினால் பழையபடி ஆகிவிடுமா?

மலேசியாவின் சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் வட்டாரங்களில் பழைய மோரிஸ் மைனர், லேண்ட் ரோவர் போன்ற வண்டிகளை மீட்டெடுத்து ஓட்டும் ஆர்வலர்களுள் ஒரு சாரார், வெட்டிப்போட்ட வண்டிகளிலிருந்து பெயர்த்த நவீன ஒலிக்கருவியைத் தங்கள் வண்டியின் முகப்புப் பலகைக்குள் பொருத்துகின்றனர். அதைக் குறைகூறுவோரிடம் அவர்கள் தவறாமல் சொல்லும் பதில், கழற்றிவிட்டால் வண்டி பழையபடி ஆகிவிடும் என்பதே. அந்தப் பதில் பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தாது.

இவ்வழக்கத்தின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. செலவு குறைவு, குப்பைக்குப் போக வேண்டிய கருவி மறுவாழ்வு பெறுகிறது. அக்கால வண்டி வானொலிகளுள் பழையவை வால்வுகளால் இயங்கியவை. பேட்டரியின் தாழ்ந்த மின்னழுத்தத்தை உயர்த்தித் தர அவற்றுக்குத் தனி அதிர்வி ஒன்று தேவைப்பட்டது. அவற்றைப் பழுதுபார்க்கும் கைகள் இன்று அரிது. தமிழ் ஒலிபரப்பும் பண்பலைக்கு வந்துவிட்டபின், நடுத்தர அலை மட்டும் வாங்கும் பழம்பெட்டியைக் கட்டிக்காப்பது பக்தியாகலாமேயன்றிப் பயனாகாது.

பெயர்த்த கருவி எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனித்தால் சிக்கல் தொடங்கும் இடம் தெரியும். ஜப்பானில் ஓடிய வண்டிகளைப் பாதியாக வெட்டி, ‘ஹாஃப் கட்’ என்ற பெயரில் இறக்குமதி செய்யும் வணிகம் மலேசியாவில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஜப்பானியப் பண்பலை 76 மெகாஹெர்ட்சில் தொடங்கி நெடுங்காலம் 90-இல் முடிந்தது. மலேசியாவிலோ நிலையங்கள் 87.5 முதல் 108 வரை பரவியுள்ளன. ஆகவே குனோங் ஜெராய் மலையுச்சியிலிருந்து வரும் ஒலிபரப்பில் பெரும்பகுதியை அக்கருவியால் பிடிக்க முடியாது. இடையில் அலைமாற்றுப் பெட்டி ஒன்றைச் சேர்த்தால் பாட்டுக் கேட்கும். ஆனால் திரையில் தெரியும் எண் அந்த நிலையத்தின் எண்ணாக இராது. இது வேடிக்கையான குறை, அவ்வளவுதான்.

வேடிக்கையாகக் கொள்ள முடியாதது மின்முனைச் சிக்கல். வண்டியின் உலோக உடலே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியாகப் பயன்படுவதால், பேட்டரியின் ஒரு முனை உடலோடு இணைந்திருக்கும். 1948 முதல் 1971 வரை உற்பத்தியான மோரிஸ் மைனரிலும், 1967 வாக்கில் மாற்றம் வரும்வரை லேண்ட் ரோவரிலும் உடலோடு இணைந்தது நேர்முனை. பட்டறைகளில் இதைப் ‘பாசிட்டிவ் எர்த்’ என்பர். நவீன ஒலிக்கருவியின் உலோகக் கூடோ எதிர்முனையோடு சேர்ந்தது. கூட்டை முகப்புப் பலகையில் நேரடியாக முடுக்கினால், நேர்முனையும் எதிர்முனையும் இடையில் தடையின்றிச் சந்திக்கும். இதைத் தவிர்க்க, பட்டறைக்காரர் பேட்டரிக் கம்பிகளை இடம் மாற்றி, டைனமோவின் காந்தப்புலத்தை எதிர்த்திசைக்குத் திருப்பி, எரியூட்டுச் சுருளின் இணைப்புகளையும் மாற்றிவிடுகிறார். வேலை அரைநாளில் முடியும். வண்டியும் நன்றாகவே ஓடும். ஆனால் இப்படிச் செய்ததாக எங்கும் எழுதி வைப்பதில்லை. வண்டியோடு வந்த கையேடு இன்னமும் நேர்முனையே உடலுக்கு என்கிறது. அதை நம்பிப் புது பேட்டரி பொருத்தும் அடுத்தவர் கையில் ஒலிக்கருவி கருகும். டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் தப்புவது அரிது.

கம்பிகளின் நிறம் இந்தக் குழப்பத்தை இன்னும் ஆழமாக்குகிறது. இப்பழைய வண்டிகளுக்கு மின்பாகங்கள் தந்த லூகாஸ் நிறுவனத்தின் நிறமுறையில் பழுப்புக் கம்பி என்பது பேட்டரியிலிருந்து உருகி (ஃபியூஸ்) எதுவும் இடையில்லாமல் வரும், எப்போதும் உயிருள்ள கம்பி. டொயோட்டா தொழிற்சாலையிலேயே பொருத்தும் ஒலிக்கருவிகளில் பழுப்பு என்பது உடலோடு சேரும் கம்பி. முனை மாற்றாத வண்டியில், கருவியின் கூடு உடலைத் தொடாதிருந்தால், பழுப்பைப் பழுப்போடு முறுக்குவது தற்செயலாகச் சரியாகிவிடும். முனை மாற்றிய வண்டியில் அதே இணைப்பு தீயை அழைக்கும். வெட்டிய வண்டியிலிருந்து கருவியைக் கழற்றுபவர் அதன் செருகியை வெட்டி எறிந்துவிடுவதால், எந்தக் கம்பி எதற்கு என்று காட்டும் கடைசிச் சான்றும் போய்விடுகிறது.

உருகியின் கதையும் இத்தகையதே. ஃபியூஸ் என்று வழங்கும் உருகி, அளவுக்கு மீறிய மின்சாரம் பாயும்போது தான் எரிந்து சுற்றைத் துண்டிக்கும் மெல்லிய கம்பி. தொழிற்சாலைக் கருவிக்கான உருகி பெரும்பாலும் மூல வண்டியின் உருகிப் பெட்டியில் இருப்பது; கருவி கப்பலேறும்போது அது அங்கேயே தங்கிவிடுகிறது. மோரிஸ் மைனரிலோ வழக்கமாக இரண்டே உருகிகள், ஒவ்வொன்றும் 35 ஆம்பியர்; தலைவிளக்குகளுக்கு உருகியே கிடையாது. பத்து ஆம்பியரில் எரியும் உருகி வேண்டிய கருவியை 35 ஆம்பியர் உருகிக்குப் பின்னால் கட்டுவது காவலில்லாமல் கட்டுவதற்குச் சமம். தொடக்ககால வண்டிகளின் கம்பிகளைப் போர்த்தியிருப்பது பருத்தி நூலும் இரப்பரும். எந்தத் தோட்டத்தில் சீவிய பாலோ, அந்த இரப்பர் இன்று சூட்டில் இறுகி வெடித்து, தொட்டால் உதிர்கிறது. அந்தக் கம்பியைச் சுரண்டி, புதுக் கம்பியை முறுக்கி, டேப் சுற்றி விடுவதற்குக் கைத்திறன் என்று பெயரிடுவோர் இரப்பர்த் தோட்டத்துப் பட்டறைகளில் உண்மையாகவே இருந்த திறனை அவமதிக்கின்றனர்.

மின்னளவையும் பார்க்க வேண்டும். லூகாஸ் சி40 டைனமோ தரக்கூடிய உச்சம் 22 ஆம்பியர். இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது அது ஏறக்குறைய எதையுமே தராது. மழை மாலையில் பீடோங் சாலையில் தலைவிளக்கு, கண்ணாடித் துடைப்பான், எரியூட்டுச் சுருள் ஆகியவையே ஏறத்தாழ 15 ஆம்பியரை உண்ணும். அதற்கு மேல் உரத்துப் பாடும் கருவியும், அதன் பின்னால் ஒளித்து வைத்த ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தால், சமிக்ஞை விளக்கில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் பேட்டரி கரைகிறது. டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டர் வைத்தால் தீரும் என்பர். ஆனால் ஒரு பாட்டுக்காக முதலில் முனை மாறி, பிறகு கம்பி மாறி, கடைசியில் டைனமோவும் மாறியபின் கழற்றிப் பழையபடி ஆக்குவது எதை?

இதனால் பழைய வண்டியில் பாட்டே கேட்கக் கூடாது என்றாகாது. தனி பேட்டரியோடு வரும் கையடக்க புளூடூத் ஒலிபெருக்கி ஒன்று இருக்கைக்குக் கீழே இருந்தால், ஒரு கம்பியும் வெட்டாமல் அதே பாட்டைத் தரும். கருவியைத்தான் பொருத்துவேன் என்போர் இரண்டை மட்டும் பட்டறையில் கேட்டு வாங்க வேண்டும்: பேட்டரிக்கு அருகிலேயே தனி உருகி வைத்த தனிக் கம்பி; எந்த முனை உடலோடு சேர்ந்தது, எந்த நிறம் எங்கே போகிறது என்று எழுதி பேட்டரிக்கு மேலே ஒட்டிய தாள். இவ்விரண்டையும் தர மறுக்கும் பட்டறைக்குப் பழைய வண்டியைக் கொண்டுபோக வேண்டாம்.