தச்சனா, தச்சன் மகனா?

1969 ஏப்ரல் 16ஆந் திகதி இரவு, பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘புதன்கிழமை நாடகம்’ என்னும் வரிசையில் ‘மனுஷகுமாரன்’ காட்டப்பட்டது. எழுதியவர் டெனிஸ் பொட்டர். நெறிப்படுத்தியவர் கரத் டேவிஸ். இயேசுவாக நடித்தவர் வட அயர்லாந்தைச் சேர்ந்த கொலின் பிளேக்லி. நாடகத்தைக் கண்டோர் இரு கூறாகப் பிரிந்தனர். மனத்தை உலுக்கிய படைப்பு என்றனர் ஒரு சாரார். தெய்வ நிந்தனை என்றனர் மறு சாரார். அச்சர்ச்சை எழுந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. எனினும் அது எழுப்பிய வினா இன்னும் நம்முன் நிற்கின்றது. ஒரு நாடகத்தைக் கண்டு மக்கள் புண்படும்போது அவர்களைப் புண்படுத்துவது யாது? ‘பார்ப்போரின் அறியாமை’ என ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ‘மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு’ எனத் தலைவணங்கிவிடுவதும் எளிது. இவ்விரண்டும் விமர்சனமாகா.

பொட்டர் குளொஸ்ரர்ஷயர் பகுதியிலே சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர், கிராமச் சிற்றாலயத்தின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர், ஒக்ஸ்போட்டில் கற்றவர், 1964ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே தொழிற்கட்சி வேட்பாளராக நின்று தோற்றவர். அவரது நாடகம் இடம்பெற்ற வரிசையும் வெறும் பொழுதுபோக்குக்கு உரியதன்று. வீடற்ற குடும்பமொன்று சிதைவதைக் காட்டிப் பிரித்தானிய மக்களின் மனச்சாட்சியை உறுத்திய ‘கேத்தி, வீட்டுக்கு வா’ என்ற நாடகம் 1966ல் இதே வரிசையிலேதான் ஒளிபரப்பாயிற்று.

‘மனுஷகுமாரன்’ குறைகளற்ற படைப்பு என்று நாம் கூறோம். கலையகத்தினுள்ளே எழுப்பப்பட்ட பாலைவனம் பாலைவனமாகத் தோன்றவில்லை. பெருங் கூட்டம் வேண்டிய இடத்திலே சிறு கும்பல் நிற்கின்றது. உரையாடல் சில இடங்களிற் கூச்சலாகிவிடுகின்றது. ஆனால் இக்குறைகள் எவரையும் புண்படுத்துவன அல்ல. பொட்டர் படைத்த இயேசு பருத்த தோளும் கரடுமுரடான குரலும் உடையவர், வியர்ப்பவர், சிரிப்பவர், சினப்பவர். தாமே அழைக்கப்பட்டவர்தாமா என்ற ஐயத்தினால் வனாந்தரத்திலே அலைக்கழிபவர். பகைவரை நேசியுங்கள் என்று அவர் கூறும்போது அது இனிய உபதேசமாக ஒலிப்பதில்லை; உரோமப் படையின் தடியடியை அன்றாடம் வாங்கும் மக்களைப் பார்த்துச் சொல்லப்படும் கொடிய கட்டளையாக ஒலிக்கின்றது. அந்நியர் ஆட்சியின் கீழே, அடிபட்டவனை நோக்கி, அடித்தவனை நேசி எனல் எத்துணை கடினமானது என்பதை அக்காட்சியே நமக்கு உணர்த்துகின்றது.

இந்நாடகத்தில் மறக்கவொண்ணாத காட்சி ஒன்று உண்டு. உரோமர் கொலைத் தண்டனைக்குப் பயன்படுத்தும் சிலுவை மரத்தை இயேசு தம் கையாலே தடவிப் பார்க்கின்றார். மரம் நல்ல மரம் என்று கண்டு வியக்கின்றார். இத்தகைய மரத்தைக் கொண்டு எத்தனை மேசைகளும் நாற்காலிகளும் செய்யலாம் என்று எண்ணுகின்றார். மரத்தின் தரத்தை முதலிற் காண்பது தொழிலாளியின் கண்; அம்மரத்தை மனிதர் எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்பது அதன் பின்னரே அவருள்ளத்தில் உறைக்கின்றது. மேசையாக வேண்டிய மரம் கொலைக்கருவியாயிற்று என்பதிலும் கூர்மையாக ஓர் ஆட்சியின் இயல்பை எடுத்துரைத்தல் அரிது.

இனி, புண்பட்டோரைப் பற்றிப் பார்ப்போம். சிலுவையில் அறையப்பட்ட உடலைக் காட்டுவது தெய்வ நிந்தனையாகக் கொள்ளப்படுவதில்லை. நூற்றாண்டுகளாக அது வழிபாட்டுக்குரிய காட்சியாக இருந்து வருகின்றது. ஆணியும் குருதியும் தராத அதிர்ச்சியைத் தச்சனின் தோளும் குரலும் தந்தன எனின் அதன் காரணத்தை நாம் ஆராய வேண்டும். இங்கே 1941ஆம் ஆண்டுக்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்வது பயன்தரும்.

இங்கிலாந்தில் மேடை நாடகங்களை முன்கூட்டியே தணிக்கை செய்யும் அதிகாரம் சேம்பர்லேன் பிரபு என்னும் அரண்மனை அதிகாரியிடம் இருந்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே அது நீங்கிற்று. அவ்வதிகாரம் நிலவிய காலத்திலே பொது மேடையில் இயேசுவை நடிகர் ஒருவர் நடித்துக் காட்ட இயலாது. உருவம் தெரியாத வானொலிக்கு இடமிருந்தது. 1941 டிசம்பர் முதல் 1942 ஒக்டோபர் வரை டொறொதி சேயர்ஸ் எழுதிய ‘அரசனாகப் பிறந்த மனிதன்’ என்ற பன்னிரண்டு நாடகங்கள் பி.பி.சி. வானொலியில் இடம்பெற்றன. சேயர்ஸ் புரட்சிக்காரர் அல்லர்; துப்பறியும் நாவல்களாற் புகழ்பெற்றவர்; ஆங்கிலத் திருச்சபையில் ஆழ்ந்த பற்றுடையவர். அவர் செய்த குற்றம், சீடர்களையும் வரிகாரனையும் அன்றாட ஆங்கிலத்திலே பேசவைத்தமை. முதல் நாடகம் ஒலிபரப்பாகு முன்னரே கண்டனம் எழுந்தது. பாராளுமன்றத்திலும் வினா எழுப்பப்பட்டது. 1942 பெப்ரவரியிலே சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது, அது இந்நாடகங்களுக்குக் கடவுள் அளித்த தண்டனை என்று கூறியோரும் இருந்தனர். ஓர் ஏகாதிபத்தியத்தின் கோட்டை வீழ்ந்தமைக்குக் காரணத்தை அந்த ஏகாதிபத்தியத்திலே தேடாமல், மீனவர் மீனவர்போற் பேசிய நாடகத்திலே தேடினர்! 1941ல் பேச்சு உறுத்திற்று. 1969ல் உடல் உறுத்திற்று. இரண்டும் உழைப்பாளியின் பேச்சு, உழைப்பாளியின் உடல் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

1977ல் நிகழ்ந்தது இன்னும் தெளிவான பாடமாகும். இத்தாலிய நெறியாளர் பிராங்கோ செஃபிரெல்லியின் ‘நாசரேத்தூர் இயேசு’ என்ற நீண்ட தொலைக்காட்சி நாடகம் அமெரிக்காவிலே என்.பி.சி. நிறுவனத்தினால் ஏப்ரல் 3ஆந் திகதி குருத்தோலை ஞாயிறன்றும், 10ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்றும் காட்டப்பட்டது. இயேசுவைச் சாதாரண மனிதராக, மென்மையும் எளிமையும் உள்ளவராகக் காட்டப்போவதாக நெறியாளர் முன்னரே பேட்டியொன்றிற் கூறியிருந்தார். அக்கூற்றே போதுமானதாயிற்று. தென் கரோலினாவிலுள்ள கிறிஸ்தவப் பல்கலைக்கழகமொன்றின் தலைவரான பொப் ஜோன்ஸ் என்ற மூன்றாமவர், நாடகத்தைப் பாராமலே அதனைத் தெய்வ நிந்தனை என்று கண்டித்தார். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. ஏறத்தாழ 30 இலட்சம் டொலரை அதிலிட்டிருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் மோட்டார்க் கம்பனி ஆதரவிலிருந்து விலகிக்கொண்டது. ஏறத்தாழ 10 இலட்சம் டொலருக்கு அவ்விடத்தைப் புறொக்ட்டர் அன்ட் காம்பிள் என்ற சவர்க்காரக் கம்பனி பெற்றுக்கொண்டது. ஒரு கம்பனி விலகியதற்கும் மற்றது புகுந்ததற்கும் இறையியல் காரணமன்று. வாங்குவோர் சினந்தால் வியாபாரம் கெடும் என்பது ஒன்றன் கணக்கு. மலிவாகக் கிடைத்தது இலாபம் என்பது மற்றதன் கணக்கு. மக்களின் மனப்புண்ணுக்கும் சந்தையிலே விலையுண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

ஒளிபரப்பான பின்னர் நிகழ்ந்ததுதான் நமக்கு முக்கியமானது. பாப்பரசர் ஆறாம் பவுல் நாடகத்தைப் பாராட்டினார். கோடிக்கணக்கானோர் கண்டு மனமுருகினர். எதிர்ப்பு மெல்ல அடங்கிற்று. மனிதத் தன்மையை மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டனரா? அன்று. நெறியாளர் வாக்களித்த சாதாரண மனிதர் திரையில் வரவேயில்லை. றொபேட் பவல் நடித்த இயேசு நீலக் கண்களும் மெலிந்து நீண்ட முகமும் அசையாத பார்வையும் உடையவர், கண்ணிமைப்பதே அரிது. தச்சுப் பட்டறையிலே ஒருநாளேனும் நின்றவராக அவரை எண்ண முடியாது. பார்ப்போர் தம் வீட்டுச் சுவரிலிருந்த படம் அசைவதைக் கண்டனர், ஆறுதலடைந்தனர். காலப்போக்கிலே அந்நடிகரின் நிழற்படமே பல நாடுகளிற் பூசைப் படமாகவும் மாறிற்று. சுவரிலிருந்து திரைக்குச் சென்ற முகம் திரையிலிருந்து மீண்டும் சுவருக்கே வந்தது.

அந்தச் சுவர்ப் படத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இயேசுவின் உருவத்தைப் பற்றிச் சுவிசேஷங்கள் நான்கும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நாம் அறிந்த முகம் ஐரோப்பிய ஓவியர் தம் மக்களைப் பார்த்து வரைந்த முகம். அச்சியந்திரம் அதனை உலகெங்கும் பரப்பிற்று. 1940ல் சிக்காகோ நகரத்து வோணர் சால்மன் தீட்டிய ‘கிறிஸ்துவின் தலை’ என்ற படம் கோடிக்கணக்கான பிரதிகளாக அச்சாயிற்று. நமது நாட்டுக்குத் தொலைக்காட்சி 1979லேயே வந்தது. ஐரோப்பாவில் வரையப்பட்ட அந்த முகமோ அதற்கு வெகு காலம் முன்னரே நமது சுவர்களுக்கு வந்துவிட்டது. உரோம ஏகாதிபத்தியத்தின் கீழ்ப் பலஸ்தீனத்திலே வாழ்ந்த ஆசியத் தொழிலாளி ஒருவருக்குப் பிற்காலத்து ஆட்சியாளரின் சாயல் வாய்த்தது. அச்சாயலிலிருந்து ஒரு நாடகம் எவ்வளவுக்கு விலகுகின்றதோ அவ்வளவுக்கு எதிர்ப்பு எழுகின்றது. எவ்வளவுக்கு நெருங்குகின்றதோ அவ்வளவுக்குப் பாராட்டு எழுகின்றது. பார்ப்போரின் தீர்ப்பிலே பக்தியின் பங்கு எவ்வளவு, பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துக் காணாமல் அத்தீர்ப்பை விளங்கிக்கொள்ள முடியாது.

இது தொலைக்காட்சி தோற்றுவித்த நோய் என்றும் கருதிவிடக்கூடாது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்திலே, இயேசு தம் சொந்த ஊரிற் போதிக்கும்போது ஊரார் அவரைத் தச்சன் என்று சுட்டி, அவர்பொருட்டு இடறலடைந்ததாகக் கூறப்படுகின்றது. நாசரேத்தூரின் அந்தச் செபக்கூடத்திலே இருந்தவர்களே இந்நாடகத்தின் முதற் பார்வையாளர்! மாற்குவின் நூலை ஆதாரமாகக் கொண்டு பின்னர் எழுதிய மத்தேயு அதே நிகழ்ச்சியைக் கூறுகையில் ‘தச்சன்’ என்பதைத் ‘தச்சனுடைய மகன்’ என்று ஆக்கினார். லூக்காவிலோ தச்சுத் தொழிலே மறைந்து யோசேப்பின் மகன் என்பது மாத்திரம் எஞ்சிற்று. இரண்டாம் நூற்றாண்டிலே கெல்சுஸ் என்ற கிரேக்க அறிஞன் கிறிஸ்தவரின் தலைவன் ஒரு தச்சன் என்று ஏளனம் செய்தான். மூன்றாம் நூற்றாண்டிலே ஒரிகென் என்ற பேரறிஞர் அவனுக்கு மறுப்பெழுதினார். திருச்சபையில் வழங்கும் சுவிசேஷங்களில் இயேசு தச்சன் என்று எங்குமே கூறப்படவில்லை என்று வாதித்தார். மாற்குவின் ஏடு சொல்வதைப் பேரறிஞரும் மறந்தார், அல்லது அவர் கையிலிருந்த ஏட்டில் அச்சொல் மாற்றப்பட்டிருந்தது. எவ்வாறாயினும் தச்சனைத் தச்சன் மகனாக்கும் முயற்சி பழையது. செஃபிரெல்லி அதனை நிறைவேற்றினார். பொட்டர் அதனை மறுத்தார்.

நிற்க, நம் பக்கத்துத் தவறொன்றையும் கூறாமல் விடலாகாது. முற்போக்காளர் சிலர் இத்தகைய சர்ச்சைகளில் புண்பட்ட பக்தர்களை எள்ளி நகைப்பதோடு தம் பணி முடிந்ததாகக் கருதுகின்றனர். பாராமலே கண்டிக்கும் மதத் தலைவர் வேறு; கூட்டிக் கழித்துப் பார்க்கும் கம்பனி வேறு; நாடகத்தைக் கண்டு உண்மையாகவே மனம் நொந்த எளிய மனிதர் வேறு. இம்மூவரையும் ஒரே கூடையிற் போடுவது வர்க்கப் பார்வையாகாது. பொட்டரின் நாடகம் சிலுவையோடு முடிகின்றது. உயிர்த்தெழுதல் அதில் இல்லை. ‘கதை பாதியில் நின்றுவிட்டதே’ என்று ஒரு கிழவி வருந்தினால் அது மூடநம்பிக்கையின் குரல் மாத்திரந்தானா? உரோமின் ஆணியே இறுதிச் சொல் ஆகக்கூடாது என்ற ஏக்கமும் அதில் உண்டு. கொன்றவன் வென்றுவிட்டான் என்று ஒப்புக்கொள்ள மறுக்கும் மனம் நமக்கு அந்நியமானதன்று. நமது இயக்கங்களும் தோல்விகளின் மேலேதான் வளர்ந்தன. அம்மனத்தை நகைப்பவன் மக்களிடமிருந்து தன்னையே பிரித்துக்கொள்கின்றான். அதேவேளை, அந்த ஏக்கத்தைச் சுவர்ப் படத்தின் சட்டத்துள் அடைத்து வைத்திருப்போர் யார் என்பதையும் அவளுக்கு எடுத்துக் காட்டுவது நமது கடமை.

இன்று பொட்டரும் இல்லை, பிளேக்லியும் இல்லை. இயேசுவின் வாழ்க்கையைக் கூறும் புதிய தொடர்கள் வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்கத் தொடரான ‘த சோசன்’ பார்ப்போரிடமே பணந் திரட்டித் தொடங்கப்பட்டது. பணமிடுபவரும் பார்ப்பவரும் ஒருவரேயாகும்போது, அவர் ஏற்கெனவே விரும்பிய முகத்தையே திரும்பத் திரும்பக் கேட்கும் அபாயம் பெருகுகின்றது. ஆசிரியர்களும் மாணவர்களும் இத்தகைய நாடகமொன்றைப் பற்றி உரையாடும்போது ‘நல்லதா, கெட்டதா’ என்ற வினாவோடு நின்றுவிடவேண்டாம். உன்னைப் புண்படுத்தியது எது, புண்படுத்தாமல் விட்டது எது என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்கட்டும். சிலுவையிலே தொங்கும் உடலைப் பார்த்துக் கலங்காத நாம், அம்மரத்தைத் தச்சன் கை தடவும்போது கூசுகின்றோம் எனின், அக்கூச்சத்தை நமக்குக் கற்பித்தவர் யார் என்பதை அறிய வேண்டியவர்களும் நாமே.