விசில் அடிக்காத குக்கர்

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையை நம்பி இரவுப் பணிக்குப் போகிறவர்கள் பலர். அப்படிப்பட்ட வீட்டுக்கு மின்சார பிரஷர் குக்கரைப் போல உதவும் பொருள் வேறில்லை என்பேன். ஊறிய கொண்டைக்கடலையை உப்போடு போட்டு, நேரத்தைக் குறித்துவிட்டுக் குளிக்கப் போகலாம். விசில் கிடையாது, பகலில் தூங்குபவரின் தூக்கம் கலையாது.

ஆவியை அடைத்துச் சமைக்கும் வித்தையை 1679-இல் லண்டனில் காட்டியவர் பிரெஞ்சுக்காரர் தெனி பப்பேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் காலூன்றி அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

அடுப்புக் குக்கர் ஏறக்குறைய 121 டிகிரி செல்சியஸை எட்டும் (மருத்துவமனை ஆட்டோகிளேவும் அதே வெப்பம்தான்). மின்சாரக் குக்கர்கள் பலவற்றில் அழுத்தம் சற்றுக் குறைவு; நேரம் கொஞ்சம் கூடும். ஆவி வீணாகாததால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இது கைவந்தால் சோறு குழையாது.

வாங்கும்போது உள்பாத்திரத்தைப் பாருங்கள். எவர்சில்வர் என்றால் கரண்டி போட்டுத் தாராளமாக வதக்கலாம், பூச்சு உரியும் கவலை இல்லை. நான்கு பேருக்கு ஆறு லிட்டர் தாராளம். காஸ்கெட் தனியாகக் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். மீன்குழம்பு வாசனை அதில் பிடித்துக்கொள்ளும், பாயசத்துக்கு வேறொன்று வேண்டும். பருப்பு வேகவைத்தால் ஆவியைச் சட்டென்று திறக்காதீர்கள், வால்வு வழியே நுரை சீறும். தானாக அடங்கவிட்டால் பருப்பு வெண்ணெயாக மசியும்.