அரசமரம் கேட்ட செய்தி

பிரித்தானிய இலக்கியத்தின் நவீனப் போக்கைப் பற்றி எழுதுவோர் அதனை இரண்டு உலகப் போர்களின் கணக்கில் வைப்பது வழக்கம். 1914 முதல் 1918 வரை பதுங்கு குழிகளில் மடிந்த ஓர் இளந்தலைமுறையின் நிழல் 1922-இல் வெளிவந்த எலியட்டின் ‘பாழ்நிலம்’ முழுவதும் படர்ந்திருக்கிறது. 1925-இல் வர்ஜீனியா உல்ஃப் எழுதிய ‘திருமதி டாலோவே’ நாவலில், ஒரு மாளிகை விருந்தின் நடுவே, போரில் மனம் சிதைந்த வீரன் ஒருவனின் சாவுச் செய்தி நுழைகிறது. நம் வாசகர் பலர் நன்கறிந்த கிரகாம் கிரீன், 1951-இல் எழுதிய ‘உறவின் முடிவு’ நாவலில், இலண்டன்மீது குண்டுகள் விழுந்த நாள்களைக் களமாக வைத்து இறைவனோடு வழக்காடுகிறார். இவற்றையெல்லாம் கல்லூரிப் பாடமாகப் படித்தவர்கள், “தமிழுக்கு இப்படியோர் வரலாறு வாய்க்கவில்லை, ஆகவே இப்படியோர் இலக்கியமும் வாய்க்கவில்லை” என்று சற்றே ஏக்கத்தோடு சொல்லக் கேட்கிறோம்.

நமது எண்ணம் வேறு. வரலாறு நம்மிடமும் வந்தது. ஆனால் அது வாசற்கதவை உடைத்துக்கொண்டு வரவில்லை. வீட்டுக் கணக்கேட்டின் வழியாக நுழைந்தது. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊரே போதும்.

திருச்சி வரகனேரியில் 1881-இல் பிறந்தவர் வ.வே.சு. ஐயர். புனித வளனார் கல்லூரியின் மாணவர். பாரிஸ்டர் பட்டத்திற்காக இலண்டன் சென்று, அங்கே புரட்சியாளர்களோடு இணைந்து, காவலர் கண்ணில் படாமல் தப்பி 1910-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். 1914 செப்டம்பரில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னையின்மீது குண்டு வீசிற்று. புதுச்சேரியில் தங்கியிருந்த அகதிகளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று பிரெஞ்சு அரசுக்கு நெருக்கடி வந்தது. எந்த நாளும் கப்பலேற்றப்படலாம் என்ற நிலையில் ஐயர் செய்தது என்ன? திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். அந்நூல் 1916-இல் வெளிவந்தது. ஐரோப்பிய இளைஞர் பதுங்கு குழிக்குள் இருந்து கவிதை எழுதிய அதே மாதங்களில், நம் ஊர்க்காரர் ஒருவர் அதே போரின் அச்சத்தில் அமர்ந்து வள்ளுவரை உலகத்தின் கையில் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். இதை நம் பாடநூல்கள் மொழிபெயர்ப்பு வரலாற்றில் ஒரு வரியாக முடித்துவிடுகின்றன. அது போர்க்கால இலக்கியம் அல்லவா?

அதே ஆண்டுகளில் அவர் எழுதிய கதைதான் ‘குளத்தங்கரை அரசமரம்’. தமிழின் முதல் சிறுகதை இதுவே எனப் பலரும், அல்ல என வேறு சிலரும் வாதிடுகின்றனர். அந்த வழக்கை ஆராய்ச்சியாளருக்கே விட்டுவிடுவோம். கதையைச் சொல்வது மரம். தன் நிழலில் விளையாடிய ருக்மிணி என்னும் சிறுமியின் கதை அது. அவளுக்கு நாகராஜனோடு மணம் ஆகிறது. பிறகு அவள் தந்தையின் செல்வம் ஒரே நாளில் மறைகிறது. சம்பந்திகளின் முகம் மாறுகிறது. மகனுக்கு வேறொரு பெண் பார்க்கிறார்கள். செல்வம் எப்படி மறைந்தது? சென்னையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி முறிந்தது என்கிறது மரம். அது கற்பனையன்று. ஆர்பத்னாட் கம்பெனி 1906 அக்டோபரில் திவாலாயிற்று. தென்னாட்டுக் குடும்பங்கள் எத்தனையோ தங்கள் சேமிப்பை அங்கே இழந்தன. அந்தக் காயத்திலிருந்துதான் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

இங்கே ஐயரின் கலை வியப்புக்குரியது. ஆயுதம் ஏந்திய விடுதலையில் நம்பிக்கை வைத்திருந்த ஒருவர், ஆங்கிலேயர்மீது சினம்கொண்ட ஒரு கதையை எளிதில் எழுதியிருக்கலாம். அப்படி எழுதவில்லை. பேரரசின் வணிகம் ஒரு சிற்றூர்ப் பெண்ணின் மணவாழ்வில் எங்கே கைவைக்கிறது என்பதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, முழுக்கவனத்தையும் ருக்மிணியின் முகத்தில் வைக்கிறார். கம்பெனி முறிந்ததற்கு வெள்ளையர் பொறுப்பு. ஆனால் பணம் போனவுடன் மருமகளும் வேண்டாதவளானதற்கு? அந்தக் கணக்கை அவர் நம் பெயரில்தான் எழுதுகிறார். திருமணப் பேச்சுகளில் நகையும் ரொக்கமும் எண்ணப்படுவதைக் கேட்டுப் பழகிய நம் பங்குகளில் இக்கதையை உரக்கப் படிக்கலாம்; எவரும் இதை வேறொரு சமூகத்தின் கதை என்று தள்ளிவிட முடியாது.

முடிவு இன்னும் கடுமையானது. நாகராஜன் கெட்டவன் அல்லன். இரண்டாம் மணத்திற்கு இசைவதுபோல நடித்து, கடைசி நேரத்தில் மறுத்துப் பெற்றோருக்குப் பாடம் புகட்ட எண்ணியிருந்தான். அதை நண்பனிடம் சொன்னான், மனைவியிடம் சொல்லவில்லை. ருக்மிணி குளத்தில் உயிரை விட்டாள். அவன் துறவியானான். நற்கருத்து இருந்தும் உரிய வேளையில் உரியவரிடம் வாய் திறக்காமை ஓர் உயிரை எடுத்துவிடுகிறது. நன்மை செய்யத் தவறுதலையும் பாவமெனக் கற்ற நம்மை இந்த இடம் எளிதில் விடுவதில்லை. அந்தத் துறவறத்தை நாம் கழுவாயாகக் கொள்ளவும் மனம் வரவில்லை.

இத்தகைய கதையை எழுதியவரே பின்னர் சேரன்மாதேவி குருகுலத்தில், இரண்டு மாணவர் தனிப்பந்தியில் உண்ட விவகாரத்தில் உரிய நேரத்தில் உறுதியான சொல்லைச் சொல்ல இயலாமல் தவித்தார் என்பது வேதனைக்குரிய முரண். அந்தப் பூசல் தமிழக அரசியலையே இரண்டாகப் பிளந்தவற்றுள் ஒன்று. 1925-இல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முனைந்து ஐயர் உயிர் துறந்தார்.

திருச்சிப் பள்ளியிலிருந்து 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்திற்காக வெளியேறியவர் கல்கி. 1930 ஏப்ரல் 13-இல் இராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர் உப்பெடுக்க வேதாரணியம் நோக்கி நடந்ததும் இதே ஊரிலிருந்துதான். அவர்கள் பாடிச் செல்ல நாமக்கல் கவிஞர் பாட்டெழுதித் தந்தார். கல்கி வரலாற்றை மறைக்காமல், முழுக்க முழுக்க மேடையேற்றினார். அவருடைய ‘அலை ஓசை’யில் பீகார் நிலநடுக்கம், 1942 போராட்டம், பிரிவினைக் கலவரம், காந்தியடிகளின் கொலை எல்லாம் வரிசையாக வருகின்றன. அதற்கு 1956-இல், அவர் மறைந்தபின், சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. எனினும் செய்தித்தாளின் ஓசையில் சீதாவின் குரல் சில இடங்களில் அமுங்கிவிடுவதாகவே நமக்குப் படுகிறது. ஐயரின் மரம் சில வரிகளில் செய்ததை இந்நாவல் பல நூறு பக்கங்களில் தேடுகிறது.

சுஜாதா வேறு வகை. ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் நிழலில் வளர்ந்து, அவரும் புனித வளனார் கல்லூரியில் பயின்று, பின்னர் பொறியாளரானவர். 2008-இல் மறைந்தார். ‘ஸ்ரீரங்கத்துத் தேவதைகள்’ நூலை வேடிக்கைக் கதைகளின் தொகுப்பாகவே பெரும்பாலோர் வாசிக்கின்றனர். கதைசொல்லி தன்னையும் கேலி செய்துகொண்டு, நடந்ததா புனைந்ததா என்று நம்மை ஐயுற வைக்கும் அந்த நடையை இன்று பின்நவீனத்துவம் என்பார்கள். நமக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. சித்திரை வீதியையும் உத்தர வீதியையும் பார்க்கும் அந்தக் கண், வேலைக்காக வெளியூர் போய்விட்டவரின் கண். விடுதலைக்குப் பிந்திய இந்தியா அக்கிரகாரத்து இளைஞரைத் தில்லிக்கும் பெங்களூருக்கும் அழைத்துக்கொண்டது. திண்ணைகள் வெறிச்சோடின. சிரிப்புக்கு அடியில் இருப்பது அந்த வெறுமை.

ஆனால் அத்திண்ணையிலிருந்து கேட்காத ஒலிகளும் உண்டு. 1946 செப்டம்பர் 5 அன்று, காவிரிக்குத் தெற்கே பொன்மலையில், இரயில்வே தொழிலாளர்மீது காவலர் சுட்டதில் ஐவர் மாண்டனர். அப்போது சுஜாதா பதினொரு வயதுச் சிறுவர். தேவதைகளின் உலகுக்குள் பொன்மலையின் சங்கொலி எட்டவில்லை. பணிமனைக் குடியிருப்புகளில் வளர்ந்த நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் அந்த நாளைத் தங்கள் வீட்டுக் கதையாகச் சொல்லக்கூடியவர்கள். அவர்களில் ஒருவர் இன்னும் அதை எழுதவேண்டியிருக்கிறது.

சுஜாதாவுக்குச் செவி இல்லாமல் இல்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபின் அவர் ‘ஒரு லட்சம் புத்தகங்கள்’ என்ற சிறுகதையை எழுதினார். அதில் தீயும் இல்லை, கலவரமும் இல்லை. சென்னையில் பாரதி பெயரால் நடக்கும் ஒரு கருத்தரங்கு. எரிந்த நூலகத்தைப் பற்றிய பேச்சு மேடையேறாமல் போகிறது. அதில் ஒரு தமிழறிஞரின் தன்னலத்துக்கும் பங்கு இருக்கிறது. வரகனேரிக்காரரின் நாகராஜன் வாய் திறக்காததற்கு விளையாட்டுப் புத்தி காரணம். இவருக்குக் காரணம் பதவி.