பழங்காடும் கோடரியும்: ஒலிவர் றக்கமின் நூல் பற்றிய ஒரு நோக்கு

காட்டை அழித்தது கோடரியே என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்தாகும். இதனை ஆதாரங்களுடன் மறுத்தவர் கேம்பிறிட்ஜ் தாவரவியலாளர் ஒலிவர் றக்கம் (1939–2015). அவரது 'ஏன்சியன்ற் வூட்லண்ட்' 1980இல் வெளிவந்தது. இங்கிலாந்துப் பழங்காடுகளின் வரலாற்றைப் பழைய பத்திரங்களில் மட்டுமன்றி, காட்டெல்லை மண்வரம்புகளிலும் அடிக்கட்டைகளிலும் அவர் வாசிக்கின்றார். வரலாற்றாசிரியர் பலர் ஏட்டோடு நின்றுவிட, இவர் சேற்றில் இறங்கி நடந்தவர். நூலின் பலமும் அதுவே.

ஹேசல், ஆஷ் போன்ற மரங்கள் வெட்டப்பட்டபின் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்ப்பன. அத்துளிர்களைச் சில ஆண்டுகளுக்கொருமுறை வெட்டி விறகுக்கும் வேலிக்கும் பயன்படுத்தினர். இடையிடையே விடப்பட்ட ஓக் மரங்கள் வீட்டு உத்தரங்களாயின. கரி இடையறாது தேவைப்பட்டமையால் இரும்புலைகளுங்கூடக் காட்டைப் பேணின என்பது றக்கமின் வாதம். காடு அழிந்தது, அதனை வேரோடு பெயர்த்து வயலாக்கியபோதும், இரண்டாம் உலகப்போரின் பின்னர் பழமரங்களை நஞ்சிட்டுக் கொன்று ஊசியிலை மரங்களை நட்டபோதுமே. வனவியல் ஆணைக்குழு தன் கொள்கையை மாற்றியது 1985இலேதான்.

மீட்பிலும் அவசரம் கேடாகும். ஊசியிலை மரங்களை ஒரேயடியாக அகற்றினால் வெளிச்சம் பாய்ந்து முட்புதர் மண்டும். நிழலில் எஞ்சிய நீலமணிப்பூச் செடிகள் அதனடியில் நசுங்கும். எனவே மரங்களைப் படிப்படியாக ஐதாக்குவதே இன்று விரும்பப்படும் முறை.

எனினும் ஒரு வினா எழுகின்றது. காட்டைப் பேணியது வெட்டுத்தொழிலாளரின் உழைப்பெனின், அவ்வுழைப்பைப் பேணியது விறகுச் சந்தை. நிலக்கரி பரவியபின் அச்சந்தை சரிந்தது. தொண்டர்கள் ஓய்வு நாட்களில் செய்யும் பணி அதற்கு ஈடாகுமா? பழைய முறையின் செம்மையில் தோய்ந்த இந்நூலில் இவ்வினாவுக்குக் கிடைத்த இடம் போதாது.

மரம் நடுதல் குறித்து றக்கம் கொண்ட ஐயமும் எங்கும் பொருந்துவதன்று. அடிக்கட்டை உயிரோடிருக்கும் இங்கிலாந்துக் காட்டில் அது நியாயமே. சிங்கராஜ வனத்தின் விளிம்பில், கெக்கில்லப் பன்னம் மூடிய நிலத்தில், துளிர்க்க அடிக்கட்டை இல்லை. ஹொர மரத்தின் வித்து மண்ணில் நெடுநாள் உறங்கிக் கிடப்பதுமில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் பங்குகொண்டு 1997இல் வெளியிட்ட ஆய்வு, அவ்விளிம்பில் நடப்பட்டிருந்த பைனஸ் மரங்களில் சில நிரைகளை அகற்றி, அவ்விடைவெளியில் ஹொர, நாகமரம் முதலியவற்றின் கன்றுகளை நட்டுப் பார்த்தது. பைனஸின் முழு நிழலில் நின்றவற்றிலும் நிரை அகற்றிய இடத்துக் கன்றுகளே செழித்தன. இங்கிலாந்தில் பழங்காட்டை நெரித்த ஊசியிலை மரம், இங்கே அதன் கன்றுகளுக்கு நிழல் தந்து நின்றது.