ரெண்டாவது அடிக்கலைங்க

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி.டி. நாயுடு ஒற்றை பஸ்ஸை ஓட்டிய காலத்திலிருந்தே, என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமில்லை. ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் போகும் 'மிஸ்ஸிங்'கைக் கண்டுபிடிப்பதில்தான் அந்தக் காதின் அருமை தெரியும்.

பழைய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 796 சிசி, மூன்றே சிலிண்டர். ஒன்று எரியாவிட்டாலும் ஐடிலிங்கில் வண்டியே நடுங்கும். கோவையின் நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். சைலன்சர் முனையில் உள்ளங்கையைக் காட்டுவார். புகை சீராக வராமல் விட்டுவிட்டுத் தள்ளும். பிறகு, ஓடும் என்ஜினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். முதலாவதைக் கழற்றினால் வண்டி திணறி அணையப் பார்க்கிறது. மூன்றாவதிலும் அப்படியே. இரண்டாவதைக் கழற்றும்போது சத்தத்தில் துளி மாற்றமில்லை.

"ரெண்டாவதுதானுங்க அடிக்கலை."

என்ன அழகான தர்க்கம்! கெட்டதைத் தேடாமல், நல்லதை நிறுத்திப் பார்த்தே கெட்டதைப் பிடிக்கிறார்.

அந்த பிளக்கைக் கழற்றினால் முனையே சேதி சொல்லும். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

இன்றைய கார்களில் ஸ்கேனர் 'பி0302' என்ற பிழைக் குறியீட்டைக் காட்டிவிடும். இரண்டாவது சிலிண்டர் என்பது சரி, காரணம்? இரண்டாவதின் இக்னிஷன் காயிலை முதலாவதுக்கு மாற்றி ஓட்டுகிறார்கள். குறியீடு 'பி0301' என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேடல் தொடரும்.