பக்கத்துப் பாடசாலையைப் பார்க்காத திட்டம்

யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று யாழ். மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள். இவற்றில் ஒவ்வொரு பாடசாலையும் ஐந்தாண்டு அபிவிருத்தித் திட்டம் ஒன்றை எழுதி, ஆண்டுதோறும் அதிலிருந்து ஒரு அமுலாக்கத் திட்டத்தை எடுத்து வலயத்துக்கு அனுப்புகிறது. புலமைப்பரிசில் பெறுபேறு, சாதாரணதரச் சித்தி வீதம், மாடிக் கட்டடம், கணினி அறை எல்லாம் அதில் இருக்கும். ஐந்து வருடம் கழித்து இந்த வகுப்பறையில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்ற கேள்விக்குத்தான் அதில் உரிய இடம் கிடைப்பதில்லை. குடாநாட்டில் முதலில் கேட்கவேண்டியது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1981 குடிசன மதிப்பீட்டில் இன்றைய மாவட்ட எல்லைக்குள் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 2012இல் அது 5 இலட்சத்து 83 ஆயிரம். போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். தீவகம் வெறுமையாகியது. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியின் கைதடிப் பக்கம் நடந்தது. வெளிநாடு போனவர்கள் திரும்பவில்லை. பாடசாலைகள் மட்டும் பழைய சனத்தொகைக்குக் கட்டப்பட்ட இடங்களிலேயே நிற்கின்றன. மிசன் பாடசாலை ஒன்று, அதற்குப் பதிலாக எழுந்த சைவப் பாடசாலை ஒன்று, சாதி பார்த்து அவை இரண்டும் சேர்க்க மறுத்த பிள்ளைகளுக்கென இன்னொன்று என்று ஒரே ஊருக்குள் மூன்று இருக்கும். அவற்றின் நெருக்கத்துக்குள் எங்கள் சமூகத்தின் பெருமையும் இருக்கிறது, கொடுமையும் இருக்கிறது.

பாடசாலை எழுதும் இத்தகைய திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அந்தக் குழுவே தயாரிக்கவேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி அது மூன்றாண்டுத் திட்டம். ஒவ்வொரு வருடமும் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள், அதற்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று கணக்கிடுவதில்தான் அது தொடங்குகிறது. ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஒரு கிலோமீற்றர், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீற்றர் என்று பள்ளிக்கான தூரத்தையும் அவ்விதிகள் சொல்கின்றன. இலங்கையில் நாங்களோ அருகிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை என்று சுவரில் எழுதினோம். எந்தப் பெற்றோரும் அதைக் காட்டி ஒன்றைக் கேட்டுப் பெற முடியாது.

அங்கேயும் சட்டம் வந்த கையோடு எல்லாம் நடந்துவிடவில்லை. பல ஆண்டுகள் அந்தக் குழுக்கள் பல இடங்களில் கையொப்பத்துக்கு மட்டும் இருந்தன. 2022இல்தான் தமிழ்நாடு அரசு பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்துக் குழுக்களைப் புதிதாக அமைத்தது. காசு இன்னொரு சிக்கல். மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாநிலம் மறுத்ததால், 2024-25க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியில் 2,100 கோடி ரூபாவுக்கு மேல் மத்திய அரசு தரவில்லை என்று தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. ஊர் எழுதிய திட்டம் டில்லியின் கையில் நின்றுவிடுகிறது.

கொழும்புக்கும் எங்களுக்கும் உள்ள கதையும் இதுவேதான், ஆனால் எங்களுடைய முடிச்சு இன்னும் இறுக்கம். யாழ் இந்துக் கல்லூரியும் வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலையும் தேசிய பாடசாலைகள், மத்திய அமைச்சின் கீழ் வருபவை. அவற்றின் அயலிலுள்ள சிறிய வித்தியாலயம் மாகாணத்தின் கீழ். சென். ஜோன்ஸ் போன்றவை தனியார் கல்லூரிகள். ஒரே நகரத்தின் பிள்ளைகளைப் பங்குபோடும் இந்த மூன்று வகையையும் ஒன்றாக வைத்துத் திட்டம் போட வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அதிகாரம் இல்லை. பெரிய பாடசாலை ஒவ்வொரு வகுப்பிலும் இன்னொரு பிரிவைத் திறந்தால், சுற்றியுள்ள நான்கு பாடசாலைகளின் ஐந்தாண்டுத் திட்டங்களும் அன்றே பொய்யாகிவிடும்.

ஒரு காலத்தில் இங்கே இப்படி இல்லை. 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், இந்துபோர்ட் இராசரத்தினத்தின் உழைப்பால், எந்த ஊரில் பள்ளி இல்லை என்று தேடித் தேடித் திறந்தது. 1960இல் அரசாங்கம் பாடசாலைகளைக் கையேற்றது. நியாயமான காரணங்களும் அதற்கு இருந்தன. ஆனால் குடாநாட்டை ஒரே பரப்பாகப் பார்த்த அந்தக் கண்ணும் அதோடு போய்விட்டது.

இன்று அந்த இடத்தைப் பழைய மாணவர் சங்கங்கள் நிரப்புகின்றன. றொறன்ரோவிலும் லண்டனிலும் சேரும் பணம், படித்த பாடசாலைக்கே வருகிறது. அன்பினால் தரும் பணத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வெளிநாட்டில் பழைய மாணவர் இல்லாத சிறிய பாடசாலைக்கு யார் தருவார்? தமிழ்நாட்டில் காமராசர் காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பள்ளிக்கு என்ன தேவை என்று ஊரார் பட்டியல் போட்டு, தாங்களே கொடுத்தார்கள். 2022இல் தமிழ்நாடு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' நன்கொடையை மாநிலம் முழுவதற்கும் ஒரே வாசலில் வாங்குகிறது. அப்படி ஒரு வாசல் வடமாகாணத்துக்கும் வேண்டும். தருபவர் தன் கல்லூரிக்கு ஒரு பங்கும், வலயத்தில் அதிகம் தேவைப்படும் பாடசாலைக்கு ஒரு பங்கும் தரலாம்.

பிள்ளைகள் குறைந்த பாடசாலையை மூடலாமா என்ற கேள்வி இரண்டு நாட்டிலும் எழுகிறது. ஒரு மாணவரும் சேராத 46 பள்ளிகளை 2019இல் தமிழ்நாடு நூலகமாக்கத் தீர்மானித்தது. ஒரு மதிலுக்கு இரண்டு பாடசாலை இருக்கும் வலிகாமத்தில் இணைப்பது நியாயமாகலாம். குறிகாட்டுவானிலிருந்து படகேறிப் போகவேண்டிய நெடுந்தீவில் அதே எண்ணிக்கையை அளவுகோலாக வைக்கக் கூடாது. வலிகாமம் வடக்கில் காணி விடுவிக்கப்பட்டுக் குடும்பங்கள் மீளும் ஊர்களில், இன்று பத்துப் பிள்ளைகள் இருக்கும் பாடசாலையை மூடினால், நாளைக்கு வரும் குடும்பம் வராமலே விடும்.

ஆகவே வலயத் திட்டமே முதலில் எழுதப்படவேண்டும், பாடசாலைத் திட்டங்கள் அதற்குள் அடங்கவேண்டும். பிரதேச செயலகத்தின் பிறப்புப் பதிவையும் மீள்குடியேற்றப் பட்டியலையும் எடுத்து, 2030இல் முதலாம் தரத்துக்கு வரப்போகும் பிள்ளைகளை ஊர்வாரியாக எண்ணலாம். தேசிய பாடசாலைகளின் அனுமதி எண்ணிக்கையையும் அதே மேசையில் வைக்கவேண்டும். அந்த மேசையைச் சுற்றி அதிபர்களோடு தாய்மாரும் இருக்கவேண்டும், வெறும் பார்வையாளராக அல்ல, சட்டம் தந்த வாக்கோடு.