கோட்டுக் குறியும் கிழமைப் பொருளும்

இன்ன பொருள் இன்ன வகையது, இன்னதனோடு இன்ன தொடர்புடையது என வரையறுத்துத் தரின், வலையிலுள்ள செய்திகளைக் கணிப்பொறி தானே இயைத்து முடிவு காணும். இப்பொருட்பாகுபாட்டை எழுதுதற்கென 2004இல் ‘ஔல்’ என்னும் மொழி வகுக்கப்பெற்றது. அம்மொழி கல்லாதாரும் கண்டறியுமாறு அதனைப் படமாக வரைந்து காட்டுவது ‘வௌல்’ என்னும் குறியீட்டு முறை. அதன் இரண்டாம் வடிவம் 2014இல் வெளிவந்தது.

எளிமையே இம்முறையின் சிறப்பு. வகைக்கு வட்டம், எண், எழுத்து முதலிய மதிப்புகளுக்குக் கட்டம், உட்பிரிவைக் காட்டப் புள்ளிக்கோடு, ஏனைத் தொடர்புகளுக்குப் பெயர் பொறித்த அம்பு. இந்த ‘ஏனை’ என்பதிலேதான் குறை இருக்கிறது.

ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் பகுத்தார் நன்னூலார். பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம் எனத் தற்கிழமை ஐந்து. பொருள், இடம், காலம் எனப் பிறிதின்கிழமை மூன்று. கடையது கதவும் கடைக்காரரது வண்டியும் ஒருதன்மையன அல்ல என்பதே இதன் கருத்து. ‘வௌல்’ முறையிலோ இரண்டிற்கும் ஒரே அம்பு.

இதனால் விளையும் கேட்டைக் கோலாலம்பூரைக் கொண்டே காணலாம். துன் சம்பந்தன் சாலை பிரிக்பீல்ட்ஸின் உறுப்பு. பிரிக்பீல்ட்ஸ் கோலாலம்பூரின் உறுப்பு. எனவே அச்சாலை கோலாலம்பூரின் உறுப்பு எனப் பொறி முடிவு செய்யின் அது சரியே. கிள்ளான் பள்ளத்தாக்கோ பல ஊர்களின் ஈட்டம். கோலாலம்பூரும் கிள்ளானும் அதனுள் அடங்கும். கிள்ளான் சிலாங்கூரைச் சேர்ந்தது; கோலாலம்பூரோ 1974 முதல் கூட்டரசுப் பிரதேசம். ஈட்டத்தையும் உறுப்பாகக் கொண்டு, பள்ளத்தாக்கு முழுவதையும் சிலாங்கூரினுள் ஒருவர் அடக்கிவிட்டால், கோலாலம்பூரும் சிலாங்கூரின் உறுப்பே என்னும் பொய்முடிவு பிறக்கும். எல்லா அம்பும் ஒருபடித்தாதலின், படத்தை நோக்குவோர்க்குப் பிழை புலப்படாது.

அம்பின்மேல் எழுதிய பெயரைப் படித்து வேறுபாடு அறியலாமே எனின், படித்தே அறிய வேண்டுமாயின் படம் எதற்கு? குறிகள் கண்ட அளவிலே வேறுபட்டுத் தோன்றல் வேண்டும் என்பதை 2009இல் மூடி என்னும் அறிஞர் விரிவாக நிறுவியுள்ளார். மென்பொருள் வரைவோர் கையாளும் ‘யூஎம்எல்’ முறையில், முழுமையோடு பிரியாத உறுப்புக்கு நிரப்பிய சாய்சதுரமும், தளர்ந்த சேர்க்கைக்கு வெற்றுச் சாய்சதுரமும் உண்டு. ‘ஔல்’ மொழியிலேயே உறுப்புத் தொடர்புக்குத் தனிக்குறி இல்லையாதலால், வரைமுறையை மட்டும் குறைகூறுதல் நேரிதன்று. ஆயினும் மொழி விட்ட இடத்தை நிரப்புவதன்றோ நல்ல குறியீட்டின் கடமை?

இவ்வெட்டிற்கும் குறி வேண்டுவதில்லை. உறுப்பு, ஈட்டம், உடைமை என்னும் மூன்றிற்கேனும் வெவ்வேறு குறி அமைதல் வேண்டும். நம் பள்ளிகளில் வேற்றுமைப் பொருளை மனப்பாடம் செய்விப்பதோடு அமையாது, மாணவர் தத்தம் ஊரை இங்ஙனம் படமாக வரையச் செய்யின், பழைய இலக்கணம் புதிய துறைக்கும் கருவியாதலை அவர்களே உணர்வர்.